போனில் ‘டிக் டிக்’: சோலார் வேலிச் சத்தத்தை நிறுத்த முழுமையான வழிகாட்டி

மலையடிவாரத் தோட்டங்களில் லேண்ட்லைன் ரிசீவரைக் காதில் வைத்தால், பேச்சுக்கு நடுவே ‘டிக்... டிக்...’ என்று கேட்பது உண்டு. பலரும் டெலிபோன் லைனைத்தான் குறை சொல்வார்கள். முதலில் வேலியைப் பாருங்கள். மின்சாரம் கசியும் வேலி போனையும் கெடுக்கும். யானையையும் காட்டுப்பன்றியையும் சரியாகத் தடுக்காது.

வேலிதானா?

எனர்ஜைசர் பெட்டி ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, பல ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கம்பியில் விடுகிறது. சத்தமும் அதே சீரில் வருகிறதா? பகலில் பெட்டியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். நிற்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் அணைக்கச் சொல்லிப் பாருங்கள். விடாத கரகரப்பு என்றால் அது வேறு பழுது.

கசிவைத் தேடுங்கள்

நேரம் எடுக்கும் வேலை இதுதான். கம்பியில் உரசும் உண்ணிச்செடி, விரிசல் விட்ட இன்சுலேட்டர், துருப்பிடித்த முறுக்கு இணைப்பு ஆகிய இடங்களில் பொறி பறக்கும். அந்தப் பொறிதான் இரைச்சலைக் கிளப்புகிறது. பழைய மீடியம் வேவ் ரேடியோவை, நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் திருப்பி வைத்து வேலியோரம் நடங்கள். ‘டிக்’ பலமாகக் கேட்கும் இடத்தில் தேடுங்கள். இருட்டில் பொறி கண்ணுக்கே தெரியும்தான். ஆனால் யானை நடமாடும் இடத்தில் அந்தச் சோதனை வேண்டாம். செடியை வெட்டும் முன், இணைப்பைத் தொடும் முன், பெட்டியை அணையுங்கள். இணைப்புகளுக்கு கிளாம்ப் போடுங்கள்.

எர்த்தைப் பாருங்கள்

கம்பியில் போன மின்சாரம் மண் வழியாகத்தான் பெட்டிக்குத் திரும்புகிறது. எர்த் சரியில்லை என்றால் அது வேறு வழி தேடும். வீட்டு எர்த், டெலிபோன் எர்த் இரண்டிலிருந்தும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி வேலிக்குத் தனி எர்த் வேண்டும். கால்வனைஸ் செய்த 2 மீட்டர் கம்பிகள் மூன்றையாவது, 3 மீட்டர் இடைவெளியில், ஈரமான இடத்தில் அடியுங்கள்.

லைனைவிட்டு விலகுங்கள்

வேலி நன்றாக இருந்தாலும், டெலிபோன் லைனுக்கு இணையாக நெடுந்தூரம் ஓடினால் துடிப்பு அதில் தாவும். இடைவெளியைக் கூட்டுங்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கட்டும். டெலிபோன் கம்பத்தில் வேலிக் கம்பியைக் கட்டவே கூடாது.

இன்னும் கேட்டால்

இப்போது எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுங்கள். கேபிள் இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கலாம். ஃபைபர் கிடைத்தால் மாறிவிடுங்கள், ஒளியில் போகும் பேச்சை வேலித் துடிப்பு தொடாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வேலி வலுவாக இல்லை என்று மின்வாரிய லைனை நேரடியாகக் கம்பியில் கொடுத்துவிடாதீர்கள். அது குற்றம், மனிதரையும் யானையையும் கொல்லும்.