கணக்காய்வும் கம்பனி நேர்மையும்

பலர் சிறிது சிறிதாக இட்ட பணத்தை ஒருங்கு திரட்டி, அதனைச் சிலர் கையில் ஒப்புவித்துத் தொழில் நடத்தும் முறையே கம்பனி முறையாகும். பணம் இட்டோர் பங்குதாரர். தொழிலை நடத்துவோர் பணிப்பாளர். முதலை உடையவர் வேறு, அதனை ஆள்பவர் வேறு என்னும் இப்பிரிவே கம்பனியின் வலிமை. அதன் நோயும் இப்பிரிவிலிருந்தே தோன்றுகின்றது. மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்ற நம் முன்னோர் பலர் தம் காணியையும் தோட்டத்தையும் ஊரிலுள்ள இனத்தவர் ஒருவரிடம் ஒப்படைத்துச் சென்றனர். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று அவர் எழுதும் கடிதமே காணிக்காரர் அறியும் செய்தி. அக்கடிதம் மெய்யோ என அறியுமாறு மூன்றாம் ஒருவரை அவர் அனுப்ப, அம்மூன்றாமவர் காணியைச் சென்று பாராது, பொறுப்பாளர் வீட்டுத் திண்ணையிலிருந்து அவர் சொன்னவற்றையே எழுதி அனுப்பினாராயின் பயன் யாது? கணக்காய்வு என்னும் துறையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா இதுவேயாம்.

பொதுவாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை முதற்கண் நீக்குதல் வேண்டும். கம்பனியின் ஐந்தொகையையும் இலாப நட்டக் கணக்கையும் ஆக்குபவர் கணக்காய்வாளர் அல்லர். அவற்றுக்குப் பொறுப்புடையோர் பணிப்பாளரே. அக்கணக்குகள் கம்பனியின் நிலையை உண்மையாகவும் நேர்மையாகவும் காட்டுகின்றனவா என்பது பற்றித் தம் கருத்தைப் பங்குதாரருக்கு அறிவித்தலே கணக்காய்வாளர் கடன். அவர் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பார்ப்பதில்லை. தெரிந்தெடுத்த சிலவற்றைச் சோதித்து, அவற்றால் ஏனையவற்றை உய்த்துணர்கின்றார். ஆகவே, எத்துணைச் சான்றுகளைப் பார்த்தார் என்பதினும், அவை எவர் கைவழி அவரிடம் வந்தன என்பதே பெரிதாகும். இதனை மூன்று வழக்குகளால் விளக்குவாம்.

முதலாவது, இங்கிலாந்தில் 1896ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கிங்ஸ்ரன் பருத்தியாலை வழக்கு. அவ்வாலையின் முகாமையாளர், கையிருப்பிலுள்ள பஞ்சினதும் நூலினதும் அளவையும் பெறுமதியையும் ஆண்டுதோறும் மிகைப்படுத்திக் காட்டி வந்தார். கணக்காய்வாளர் இருப்பைத் தாம் பாராது, முகாமையாளரின் அத்தாட்சியையே ஏற்று ஐந்தொகையிற் சேர்த்தனர். இல்லாத இலாபத்திலிருந்து பங்கிலாபமும் வழங்கப்பட்டது. ஆண்டுத் தொடக்க இருப்பையும் கொள்வனவையும் விற்பனையையும் ஒப்பிட்டிருப்பின் பொய் வெளிப்பட்டிருக்கும். எனினும், நம்பிக்கைக்குரிய அலுவலர் ஒருவரை ஐயத்துக்கு இடமில்லாதபோது நம்பியது குற்றமன்று என நீதிமன்றம் கணக்காய்வாளரை விடுவித்தது. கணக்காய்வாளர் காவல் நாயேயன்றி மோப்பம் பிடிக்கும் வேட்டை நாயல்லர் என்னும் கருத்து இவ்வழக்கிலிருந்தே உலகெங்கும் பரந்தது.

அக்கருத்தின் குறைபாட்டை 1938ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கா உணர்ந்தது. நியூயோர்க் பங்குச் சந்தையில் இடம்பெற்ற மக்கெசன் அன்ட் றொபின்ஸ் என்னும் மருந்துக் கம்பனியின் தலைவர் கொஸ்ரர் எனப்பட்டார். அவர் உண்மையில் முன்னரே மோசடிக்காகத் தண்டனை பெற்ற பிலிப் மியூசிக்கா என்பவர். வேறு பெயர்களில் மறைந்திருந்த அவருடைய உடன்பிறந்தாரும் அவருக்குத் துணை நின்றனர். கனடாவிலுள்ள பண்டகசாலைகளில் மூல மருந்துப் பொருள்கள் குவிந்து கிடப்பதாக ஏடுகள் கூறின, வாங்கியதற்கும் விற்றதற்கும் சீட்டுகள் இருந்தன, பொருளோ இல்லை. அப்பகுதியின் இலாபம் காசாக வராமல் மீண்டும் மீண்டும் இருப்பாகவே மாறுவது கண்டு ஐயுற்றவர் கம்பனியின் பொருளாளர் யூலியன் தொம்சன். கணக்கிற் காட்டிய ஏறக்குறைய 8 கோடி 70 இலட்சம் டொலர்ச் சொத்தில் 1 கோடி 90 இலட்சம் டொலர் வரை கற்பனை எனப் பின்னர் தெரிய வந்தது. கணக்காய்வாளரான பிறைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தார் அக்கால வழக்கப்படி ஏடுகளைச் செவ்வனே சோதித்தவரே. பண்டகசாலைக் கதவைத் திறந்து பார்த்தலும் கடன்பட்டோருக்கு நேரே எழுதிக் கேட்டலும் அக்கால வழக்கில் கட்டாயமாக இருக்கவில்லை. 1939ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கணக்காளர் கழகம் அவ்விரண்டையும் விதியாக்கிற்று. பணிப்பாளர் சபையில் கம்பனியின் ஊழியரல்லாதோரே கணக்காய்வாளரைப் பெயர் குறிக்க வேண்டும் என்னும் ஆலோசனையும் அவ்வழக்கின் விசாரணையால் வலுப்பெற்றது. இன்று கணக்காய்வுக் குழு எனப்படுவதன் வேர்களுள் ஒன்று ஈண்டுளது.

விதி பிறந்தமையால் தீங்கு ஒழிந்ததா? ஒழியவில்லை என்பதற்கு மூன்றாவது வழக்குச் சான்று. இந்தியாவில் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்தியம் கம்பியூட்டர் கம்பனியின் தலைவர் இராமலிங்க ராஜு, 2009ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள், ஐந்தொகையிற் காட்டிய காசும் வங்கி மீதியுமாகிய தொகையில் ஏறத்தாழ 5,040 கோடி ரூபா இல்லை என்று பணிப்பாளர் சபைக்கு எழுதினார். பருத்தியையும் மருந்தையும் அளப்பது அரிது. வங்கி மீதியை அறிவதோ எளிதிலும் எளிது. வங்கிக்குத் தாமே கடிதம் எழுதி, மறுமொழியைத் தம் முகவரிக்கே பெறுதல் கணக்காய்வாளரின் பாலபாடம். ஆனால் அக்கடிதப் போக்குவரத்தைக் கம்பனி நிருவாகத்தின் கையிலேயே விட்டுவிட்டனர் என்று அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு 2011ஆம் ஆண்டில் முடிவு செய்தது. பிறைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் பழம்பெயர் தாங்கிய இந்திய நிறுவனங்களே அங்குக் கணக்காய்ந்தன என்பது சிந்திக்கற்பாலது. பெயர் காவாது, விதியும் காவாது, விதியை ஒவ்வோர் ஆண்டும் சலியாது செய்யும் ஒழுக்கமே காக்கும்.

சத்தியம் வழக்கில் அறியத்தக்க மற்றொன்றும் உண்டு. அச்சபையிற் கற்றறிந்த, புகழ்பெற்ற சுதந்திரப் பணிப்பாளர் பலர் இருந்தனர். அவ்வாறிருந்தும், 2008ஆம் ஆண்டு திசம்பரில், தலைவர் குடும்பத்தின் தொடர்புடைய இரண்டு கம்பனிகளை வாங்க அச்சபை இசைந்தது. பங்குதாரரின் எதிர்ப்பே அதனைத் தடுத்தது. ஆளுகை என்பது ஆசனங்களின் எண்ணிக்கையன்று. வினா எழுப்பத் துணிவும், விடை வரும் வரை காத்திருக்கும் பொறுமையும் இல்லாதவிடத்து, எத்துணைப் பெரிய அறிஞரும் சபைக்கு அணிகலமேயன்றிக் காவலராகார்.

இவை பிறநாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்று கருதற்க. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, ஆண்டுக் கூட்டத்திற் கணக்காய்வாளரை நியமிக்கும் உரிமை பங்குதாரருக்கே உரியது. கொழும்புப் பங்குச் சந்தையின் விதிகளும் கணக்காய்வுக் குழுவை வேண்டுகின்றன. தாம் ஒரு பங்கும் வாங்காதவர்க்கும் இதிற் பங்குண்டு. எங்ஙனமெனின், தனியார் துறையில் உழைப்போர் பலரின் முதுமைக்கால நம்பிக்கையாகிய ஊழியர் சேமலாப நிதியும் அச்சந்தைக் கம்பனிகளில் முதலிட்டுள்ளது. ஆகவே, பொய்யான ஐந்தொகையால் இழக்கப்படுவது செல்வந்தரின் பணம் மட்டுமன்று. இளைப்பாறும் எழுதுவினைஞரின் பணமுமாகும்.

பழைய மாணவருட் பலர் ஆண்டறிக்கைகளைப் பெறுவர். படங்களைப் பார்த்து மூடி வைப்போரும் உளர். அன்னோர் நான்கு வினாக்களையேனும் கேட்பாராக. கணக்காய்வாளர் தம் கருத்துக்கு ஏதேனும் வரையறை கூறியுள்ளாரா? இலாபம் வளரும்போது தொழிலால் வரும் காசும் உடன் வளர்கின்றதா, அன்றி இருப்பும் வரவேண்டிய கடனுமே பெருகுகின்றனவா? பணிப்பாளரின் உறவினரோடும் அவர்தம் கம்பனிகளோடும் நடந்த கொடுக்கல் வாங்கல் யாவை? கணக்காய்வாளர் மாற்றப்பட்டிருப்பின் காரணம் யாது? இவற்றை ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்டல் வாக்குரிமை போன்றதோர் உரிமை, பயன்படுத்தாவிடின் துருப்பிடிக்கும்.

வணிகத்துறை மாணவர்க்கு ஒரு சொல். கோவிற் சபையாயினும் சனசமூக நிலையமாயினும் நம் பழைய மாணவர் சங்கமாயினும், கணக்குப் பார்க்கும் பணி உங்களிடம் வரும். அப்போது, பொருளாளர் எத்துணை நல்லவராயினும், வங்கி மீதியை வங்கியிடமே கேளுங்கள். பொருளைக் கண்ணாற் கண்டு எண்ணுங்கள். அஃது அவரை அவமதித்தலாகாது. நல்லவர்மீது பின்னொரு நாள் வீண்பழி வாராமற் காப்பதும் அதுவே. சிறிய கணக்கில் இப்பழக்கம் ஊறியவரே பெரிய கம்பனியின் கணக்கிலும் அஞ்சாது நிற்பர்.