தள்ளுவண்டிக் கடையின் வட்டிக் கணக்கு

மோகனூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டிக் கடை போட்டிருக்காங்கனு வச்சுக்கலாம். இட்லி, தோசை, இரண்டு சட்னி. காலை நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பத்து மணிவரை உழைக்கும் ஒரு அக்கா. வியாபாரமும் நல்லா போகுது. ஆனா பத்து வருஷம் கழிச்சும் அதே வண்டி, அதே நிலைமை. ஏன்?

"உழைக்கிறாங்க, முன்னேறத் தெரியலை" என்று சுலபமா சொல்லிடுவோம். 1960களில் கானா நாட்டின் அக்ரா நகரில் ஆய்வு செய்த கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் வேறு ஒன்றைப் பார்த்தார். அரசுக் கணக்கில் 'வேலையில்லாதவர்கள்' என்று இருந்தவர்கள் உண்மையில் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அவ்வளவுதான். அவர் 1971இல் முன்வைத்த இந்தக் கருத்தை, 1972இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை உலகறியச் செய்தது. இதைத்தான் முறைசாராப் பொருளாதாரம் என்கிறோம்.

பதிவேட்டில் இல்லாததற்கு ஒரு விலை இருக்கு. அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

நம்ம ஊர்ப் பக்கம் தண்டல் கேள்விப்பட்டிருப்பீங்க. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துவிட்டு, கையில் 9,000 தருவார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். பிடித்தம் ஆளுக்கு ஆள் மாறும், முறை இதுதான்.

"பத்து சதவீதம்தானே?" என்று தோணும். அங்கேதான் ஏமாறுகிறோம். முதல் நாளிலிருந்தே பணம் திரும்பப் போகிறது. ஆக, நூறு நாளில் அந்த அக்கா கையில் சராசரியாக இருக்கும் கடன் பணம் சுமார் 4,500 ரூபாய்தான். எக்செல்லில் ஐ.ஆர்.ஆர். போட்டுப் பாருங்க: நாளுக்குச் சுமார் 0.21 சதவீதம், வருஷத்துக்கு 77 சதவீதத்துக்கு மேல்!

இதே 9,000 ரூபாயை 12 சதவீத வட்டிக்கு வாங்கி, இதே 100 நாளில் அடைத்தால் வட்டி சுமார் 150 ரூபாய். மீதி 850 ரூபாய் எதற்கு? சம்பளச் சீட்டு இல்லை, கடைக்கு முகவரி இல்லை, அடமானம் வைக்க ஒன்றுமில்லை. இதே மோகனூரில் சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை பார்ப்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்கு. வங்கி அவருக்குக் கடன் தரும். உழைப்பில் வித்தியாசம் இல்லை, காகிதத்தில்தான் வித்தியாசம்.

தண்டல்காரர் மட்டும் ஏன் நம்பித் தருகிறார்? அவர் தினமும் வண்டிக்கே வந்து வசூலிக்கிறார். கையெழுத்து, ஜாமீன் என்று அலையவிடுவதில்லை. அதனால் "அவரிடம் வாங்காதீங்க" என்று புத்தி சொன்னால் மட்டும் போதாது. மாற்று வழியைக் காட்டணும்.

வழி இருக்கு. 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். கொரோனா காலத்தில், 2020 ஜூனில் வந்த பி.எம். ஸ்வநிதி திட்டம், அடமானம் இல்லாமல் முதல் கடனாக 10,000 ரூபாய் தந்தது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு.

சட்டம் இருந்தும் விண்ணப்பம், ஆதார், வங்கிக் கணக்கு, செல்போன் எண் என்று ஒவ்வொரு படியிலும் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். அந்தப் படிகள் நமக்குக் கைவந்த கலை. நாம வாரம் ஒரு விண்ணப்பம் ஆன்லைனில் நிரப்புறவங்க!

அடுத்த முறை இட்லி சாப்பிடும்போது, "அக்கா, விற்பனைச் சான்றிதழ் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்க. இல்லைன்னு சொன்னா, ஒரு நாள் மதியம் உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கூடவே போங்க. அந்த 850 ரூபாய் அவங்க பையிலேயே இருக்கட்டும்.