ஏழை நாட்டின் ஆடைத் தொழிலாளிக்கு இந்தக் கூலி போதுமா?

நம்பிக்கை: "கூலி குறைவுதான். பிடிக்காவிட்டால் போகலாமே, யாரும் கட்டிப்போடவில்லையே."

உண்மை: 2013 ஏப்ரல் 23 அன்று, வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, கடைகளும் அடைத்தன. மேல்தளங்களில் இருந்த கார்மென்ட்ஸ் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னார்கள். காலையில் வந்தவர்களில் பலர் உள்ளே போகத் தயங்கி வாசலிலேயே நின்றார்கள். வேலைக்கு ஏறாவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது என்ற மிரட்டல் வந்தது. மாதக் கடைசி வேறு. ஏறினார்கள். ஒன்பது மணி ஆவதற்குள் கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அப்போது அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,000 டாக்கா (அந்நாட்டு நாணயம்). அதில் மிச்சம் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. ஒரு மாதம் தவறினால் வாடகையும் அரிசியும் கடன்தான். விரிசலைக் கண்ட வங்கி ஊழியர் வீட்டிலிருந்தாலும் அவர் சம்பளம் வந்துவிடும். தையல்காரப் பெண்ணுக்கு அந்த உறுதி இல்லை. அவளைக் கட்டிப்போட வேறு கயிறு எதற்கு?

நம்பிக்கை: "சம்பளத்தை ஏற்றினால் ஆலைகள் வேறு நாட்டுக்கு ஓடிவிடும்."

உண்மை: 2013 கடைசியில் குறைந்தபட்சச் சம்பளம் 5,300 டாக்கா ஆனது, 2018 கடைசியில் 8,000. பல சிறு ஆலைகள் தாக்குப்பிடிக்காமல் மூடின, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2012-13இல் சுமார் 2,100 கோடி டாலராக இருந்த ஆடை ஏற்றுமதி, 2018-19இல் 3,400 கோடியைத் தாண்டியது. 2023இல் 23,000 டாக்கா கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது 12,500. அந்தப் போராட்டத்தில் உயிர்களும் போயின. ஒரு சட்டையின் கடை விலையில் தைத்தவரின் கூலி மிகச் சிறு பங்கு. அதைக் கூட்டித் தர முடியாது என்பதை நான் ஏற்கவில்லை.

நம்பிக்கை: "அப்படியானால் அந்தத் துணியையே வாங்காமல் விட்டுவிடலாம்."

உண்மை: கோபம் நியாயமானது, அடி விழும் இடம்தான் தவறு. டாக்காவைச் சுற்றி ஆலைகள் இருக்கும் ஊர்களில் பெண்பிள்ளைகள் கூடுதலான ஆண்டுகள் பள்ளியில் இருந்ததையும், திருமணம் தள்ளிப்போனதையும் பொருளியலாளர்கள் ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் இருவரின் ஆய்வு காட்டியது. அந்த வேலை அவர்களுக்கு வேண்டும்.

வாங்க மறுத்தால் என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்தோம். 1990களின் தொடக்கத்தில், குழந்தைகளை வைத்துச் செய்த பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதிக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. அது சட்டமாகவே ஆகவில்லை. அதற்குள் பயந்துபோன வங்கதேச ஆலைகள் பல்லாயிரம் பிள்ளைகளை வெளியே அனுப்பின. அவர்களில் பலர் கல் உடைக்கவும் அதைவிட மோசமான வேலைகளுக்கும் போனதை யுனிசெஃப் பதிவுசெய்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியும் மாதம் ஓர் உதவித்தொகையும் தருவது என்ற ஒப்பந்தம் 1995இல்தான் வந்தது. கணக்கெடுக்கப் போனபோது, பெரும்பாலான பிள்ளைகள் ஆலைகளில் இல்லை.