தேடியவனே முதல் வரியில்

கேள்வி: எங்கள் கிடங்கு மென்பொருள் ஆரக்கிளில் ஓடுகிறது. மதியம் ஆனால் நொண்டுகிறது. வி$எஸ்க்யூஎல் வியூவைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் வரிகள் கொட்டுகின்றன. டேபிள் பெயரைப் போட்டுத் தேடினால், நான் தேடிய கட்டளையே முதலில் வந்து நிற்கிறது! எப்படிச் சலிப்பது?

பதில்: நிற்கத்தான் செய்யும். நீங்கள் லைக் போட்டுத் தேடும் கட்டளையும் கட்டளைகளைச் சேர்த்து வைக்கும் கேஷான ஷேர்டு பூலில் போய் உட்காருகிறது. தேடும் சொல் அதற்குள்ளும் இருக்கிறதே. வி$எஸ்க்யூஎல் என்ற சொல் வரும் வரிகளை நாட் லைக் போட்டுத் தள்ளிவிடுங்கள். இன்னொன்று: எஸ்க்யூஎல்_டெக்ஸ்ட் நெடுவரிசையில் முதல் 1000 எழுத்துகள்தான் இருக்கும். நீளமான கட்டளையின் வால் பகுதியைத் தேட எஸ்க்யூஎல்_ஃபுல்டெக்ஸ்ட் வேண்டும்.

ஆனால் நானாக இருந்தால் எழுத்தை வைத்துத் தொடங்க மாட்டேன். பார்சிங்_ஸ்கீமா_நேமில் உங்கள் மென்பொருளின் யூசர் பெயரைப் போடுங்கள். ஆரக்கிள் தனக்காக ஓட்டும் கட்டளைகள் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். மாட்யூல் நெடுவரிசையை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கட்டளையை முதன்முதலில் பார்ஸ் செய்தது எந்த நிரலோ, அதன் பெயர்தான் அங்கே நிற்கும். காலையில் யாரோ டோட் (Toad) கருவியில் ஓட்டிப் பார்த்ததையே மதியம் மென்பொருளும் ஓட்டினால், பழி டோடுக்குப் போகும்.

அடுத்து எலாப்ஸ்டு_டைம். அது மைக்ரோசெகண்டில் இருக்கும்; 10 லட்சத்தால் வகுத்தால் செகண்ட். ஒரே தடவை ஓடி 40 செகண்ட் தின்ற ரிப்போர்ட்டைத்தான் எல்லோரும் துரத்துவார்கள். 0.02 செகண்டில் முடியும் சின்னக் கட்டளை 2 லட்சம் தடவை ஓடியிருந்தால் அது 4000 செகண்ட். அதனால் மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள், எக்சிக்யூஷன்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கட்டளை கேஷுக்குள் வந்த நேரத்திலிருந்து சேர்ந்துகொண்டே வருபவை. மதியத்துக் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை எடுத்து வைத்துக் கழித்துப் பாருங்கள்.

உங்கள் ஆயிரக்கணக்கான வரிகள்தான் எனக்கு உறுத்துகின்றன. பில் எண் 5001, பில் எண் 5002 என்று எண் மட்டும் மாறி ஒரே கட்டளை திரும்பத் திரும்ப வருகிறதா? ஃபோர்ஸ்_மேட்சிங்_சிக்னேச்சர் வைத்து குரூப் பை போட்டு எண்ணுங்கள். ஒரே சிக்னேச்சரில் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால் நோய் அதுதான்: எண்ணை பைண்ட் வேரியபிளாக அனுப்பாமல் வாசகத்துக்குள்ளேயே ஒட்டி அனுப்புகிறார்கள். புது எண் வரும்போதெல்லாம் ஹார்ட் பார்ஸ், அதாவது கட்டளையை முதலிலிருந்து அலசும் வேலை. சிபியு அதிலேயே கரையும், இடம் போதாமல் பழைய கட்டளைகள் வெளியே தள்ளப்படும். அப்படிப் போனவை சில நேரம் வி$எஸ்க்யூஎல்ஸ்டாட்ஸில் இன்னும் கிடைக்கும், அங்கேயும் பாருங்கள். நிரலைத் திருத்துவதுதான் மருந்து. கர்சர்_ஷேரிங்கை ஃபோர்ஸ் என்று மாற்றுவது, திருத்தும்வரை போடும் கட்டு.

ஷேர்டு பூலை ஃப்ளஷ் செய்யச் சொல்லி யாராவது வருவார்கள். மதிய நெரிசலில் அதைச் செய்தால் ஏறக்குறைய எல்லாக் கட்டளையும் மறுபடி ஹார்ட் பார்ஸ் ஆகும். நீங்கள் பார்க்க வேண்டிய தடயமும் அதோடு போய்விடும்.