பருத்தி விரிப்பில் முடிச்சுச் சாயம்

காஞ்சியிலும் முசரவாக்கம் முதலிய அயலூர்களிலும் பட்டோடு பழகிய நமக்குச் சாயம் புதிதன்று. ஆயினும் பட்டின் முறை பருத்திக்குப் பொருந்தாது. பட்டுச் சாயத்திற்கு அமிலம் துணை. பருத்திக்குரிய ரியாக்டிவ் சாயத்திற்கோ காரம் துணை. மிகுந்த காரம் பட்டிழையை நலிவிக்கும். ஆதலின் இரண்டையும் ஒரே சாயநீரில் இடலாகாது.

மதுரைச் சௌராஷ்டிர மக்கள் கைமுடிச்சால் சுங்குடிச் சேலைக்குப் புள்ளியிடுவர். 2005-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்முறையை வீட்டுப் படுக்கை விரிப்பிலும் தலையணை உறையிலும் நாம் கையாளலாம்.

1. புதுத் துணியை வெந்நீரில் சோப்பிட்டு அலசுக. பாவிற்கு நாமே ஏற்றிய கஞ்சி, சாயத்தை உட்புக விடாது.

2. ஈரத்துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்து, நூலால் இறுகக் கட்டுக. முடிச்சு தளர்ந்தால் புள்ளி மங்கும்.

3. குளிர்நீரில் பற்றும் ரியாக்டிவ் சாயத்தையும் உப்பையும் கரைத்துத் துணியை அமிழ்த்துக. பின்னர்ச் சலவைச் சோடாவைத் தனியே கரைத்துச் சேர்த்து, ஒரு மணி நேரமாவது ஊறவிடுக.

4. நீர் தெளியும்வரை அலசி, உலர்த்தி, முடிச்சவிழ்க்க.

சாயப்பொடி மூச்சில் ஏறாதவாறு மூக்கை மூடுக, கையுறை அணிக. சமையற் பாத்திரத்தை இதற்கு எடுக்கவேண்டாம். கழிவுநீரைக் கிணற்றருகிலும் ஏரியிலும் கொட்டலாகாது.

அலசுவதில் சோம்புதல் கூடாது. சாயம் போகும் விரிப்பை ஒருமுறை வாங்கியவர், மறுமுறை நம் சங்கத்தை நாடி வாரார்.