ஹோம்ஸ்கூலிங்: ஒரு வார டைம்டேபிளும் அதோட உண்மையான செலவும்

"ஸ்கூல் ஃபீஸே இல்லையே, ஹோம்ஸ்கூலிங்ல பணம் மிச்சம்தானே சார்?" இந்தக் கேள்வி அடிக்கடி வருது. பாடமுறை நல்லதா கெட்டதான்னு நான் பேசப் போறதில்லை, கணக்கை மட்டும் பார்க்கலாம்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்குவோம். மதுரையில் இருக்காங்க. பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 8. அப்பா வேலைக்குப் போறார், அம்மா வேலையை விட்டுட்டு வீட்டில் சொல்லிக் கொடுக்கிறாங்க.

அவங்களோட ஒரு வாரம்

திங்கள்: தமிழ், கணக்கு. மளிகை பில்தான் பாடப்புத்தகம். அரை கிலோ பாக்கெட் லாபமா, ஒரு கிலோ லாபமான்னு பையன் கணக்குப் போடுறான்.

செவ்வாய்: கலைஞர் நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கு. டவுன் பஸ் செலவு மட்டும்தான்.

புதன்: போஸ்ட் ஆபீஸ். 10 வயசு ஆயிட்டா குழந்தை தன் பேரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம். குறைந்தபட்சம் 500 ரூபாய் வேணும், வட்டி 4 சதவீதம். 500 ரூபாய்க்கு வருஷம் 20 ரூபாய் வட்டின்னு அவனே கண்டுபிடிக்கட்டும்!

வியாழன்: வீட்டுக்கு வர்ற டீச்சரிடம் அறிவியல், ஆங்கிலம்.

வெள்ளி: காலையில் எழுத்து வேலை, சாயங்காலம் சிலம்பம்.

சனி: கீழடி அருங்காட்சியகம் மாதிரி ஒரு இடம். போய் வந்த செலவை பொண்ணு நோட்டில் எழுதணும்.

இப்போ கணக்கு

மாசச் செலவு: டீச்சர் 4,000, சிலம்பம் இரண்டு பேருக்கும் 1,600, புத்தகம் மற்றும் பொருட்கள் 1,500, வெளியே போய் வர 1,200, இன்டர்நெட் 900. மொத்தம் 9,200. வருஷத்துக்கு 1,10,400 ரூபாய்.

முன்னாடி ஸ்கூல் ஃபீஸ், வேன், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து 1,30,000 ஆச்சுன்னு வெச்சுக்குவோம். மிச்சம் 19,600.

ஆனா அம்மா கையில் வாங்கின சம்பளம் மாசம் 25,000, வருஷத்துக்கு 3,00,000. அடிப்படைச் சம்பளம் 15,000-ன்னா, பி.எஃப்.புக்கு இவங்க பங்கு 1,800, கம்பெனி பங்கு பென்ஷனையும் சேர்த்து 1,800. அதுவே வருஷத்துக்கு 43,200. ஆக, நிற்கிற வருமானம் 3,43,200. மிச்சத்தைக் கழிச்சா உண்மையான செலவு வருஷத்துக்கு 3,23,600 ரூபாய்.

இதுக்காக ஹோம்ஸ்கூலிங் வேண்டாம்னு சொல்லலை. அந்தத் தொகையைத் தெரிஞ்சே ஏத்துக்கிட்டா தாராளமா செய்யலாம். தெரியாம இறங்கினா மூணாவது வருஷம் பணத்துக்காகப் பாதியில் நிறுத்த வேண்டி வரும். அப்போ பாதிப்பு பிள்ளைங்களுக்குத்தான்.

வேலையை விடுறதுக்கு முன்னாடி

1. கிராஜுவிட்டி: பொதுவா 5 வருஷ சர்வீஸ் முடிஞ்சாதான் கிடைக்கும். பக்கத்தில் இருந்தா சில மாசம் பொறுங்க.

2. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோட போயிடும். குடும்பத்துக்குச் சொந்தமா ஒரு பாலிசி முதல்ல எடுங்க.

3. இனி ஒரே சம்பளம். அவசர நிதி 6 மாசச் செலவுக்குப் பதிலா 12 மாசத்துக்கு இருக்கட்டும். சம்பாதிக்கிறவருக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

4. அம்மாவோட பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காதீங்க. அவங்க பேரில் பி.பி.எஃப். தொடங்கி மாசம் 2,000 ஆவது போடுங்க. ஓய்வுக்காலம் அவங்களுக்கும் வரும்.

5. பழைய வரி முறையில் வரிக் கழிவு, பள்ளி போன்ற கல்வி நிறுவனத்துக்குக் கட்டுற டியூஷன் ஃபீஸுக்குத்தான். வீட்டுக்கு வர்ற டீச்சருக்குக் கொடுக்கிறது அதில் சேராது. புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது.

6. தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமா 10-ம் வகுப்பு எழுத 14 வயசு முடிஞ்சிருக்கணும். இந்தப் பையனுக்கு இன்னும் 3 வருஷம் இருக்கு. பதிவு, பாடம், தேர்வுச் செலவுக்கு இப்பவே ஒரு சின்ன ஆர்.டி. போடலாம்.

உங்க வீட்டு எண்களை இதே வரிசையில் ஒரு தாளில் எழுதுங்க. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்க. கடைசி வரியில் வர்ற தொகையை இரண்டு பேரும் பார்த்துட்டு, அப்புறம் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம்.