குடியானவருக்கு ஏற்ற கணக்குப் புத்தகம் எது?

சாகுபடிக் கருவிகளை வாங்குவதில் குடியானவர்கள் காட்டும் ஜாக்கிரதை பெரிது. மண்ணுக்கேற்ற கலப்பையையும், கிணற்றின் ஆழத்துக்கேற்ற பம்பு செட்டையும் பலரிடம் விசாரித்த பின்னரே வாங்குகின்றனர். ஆனால் பணம் வந்த வழியையும் போன வழியையும் காட்டுகிற கருவியாகிய கணக்கைப் பற்றி மாத்திரம் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. அறுவடை முடிந்து, கூலியும் கடனும் தீர்ந்தபின் கையில் நிற்பதையே இலாபமென்று கொள்கின்றனர். அது மிச்சமேயன்றி இலாபமன்று. எப்பயிர் அதைத் தந்தது, எப்பயிர் அதைத் தின்றது என்பது அம்மிச்சத்தைப் பார்த்து விளங்காது.

ஞாபகமும் பாஸ் புத்தகமும்

சிலர் ஞாபகத்தையே நம்புகின்றனர். விதை வாங்கிய தொகை நினைவில் நிற்கும். களையெடுப்பு நாளில் காப்பிக்கும் வண்டிக்கும் கொடுத்த சில்லறை நிற்பதில்லை. வேறு சிலர் பாங்கின் பாஸ் புத்தகமே போதுமென்பர். உரக்கடைக்குக் கைப்பேசி மூலம் செலுத்திய பணம் அதில் பதிவாகும் என்பது உண்மையே. ஆயினும் ரொக்கமாகவும் நெல்லாகவும் கொடுத்த கூலி, வீட்டுச் சாப்பாட்டுக்கு நிறுத்திக்கொண்ட மூட்டைகள், உறவினரிடம் பெற்ற கைமாற்று ஆகியவை அதில் ஏறமாட்டா. ஆகவே பாஸ் புத்தகம் கணக்குக்குச் சாட்சியாகுமேயன்றிக் கணக்காகாது.

நாள்வழி

முதற்கருவி நாள்வழிக் கணக்கு. கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு என்று ஐந்து பத்திகள் இட்டு, அன்றன்று இரவு விளக்கு வைத்தபின் எழுதுதல் வேண்டும். விவரத்தின் பக்கத்தில் 'வீடு' அல்லது 'வயல்' என்று ஒரு சொல் சேர்ப்பது மிக அவசியம். கல்யாணச் செலவையும் உரச் செலவையும் ஒன்றாய்க் கூட்டினால், நல்ல வயலும் நஷ்ட வயலாகத் தோன்றும்.

புலவாரிப் பேரேடு

ஒன்றுக்கு மேற்பட்ட பயிர் செய்வோருக்கு நாள்வழி மாத்திரம் போதாது. கிராம அலுவலர் அடங்கலை எழுதும் முறையையே இங்கும் மேற்கொள்ளலாம். அடங்கலில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பயிரும் பரப்பும் தனித்தனியே பதிவாகின்றன. அவ்வாறே குடியானவரும் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்துக்கு ஒருமுறை நாள்வழியிலிருந்து அந்தந்தப் பக்கத்துக்குத் தொகைகளை எடுத்தெழுதவேண்டும். பல வயல்களுக்கும் பொதுவான டிராக்டர் வாடகை, டீசல் முதலியவற்றை ஏக்கர் கணக்கிற் பிரித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு எடுத்த தானியத்தையும் மாட்டுக்குப் போட்ட வைக்கோலையும் அன்றைய விலைப்படி வரவில் வைக்கவேண்டும்.

குடும்பத்தார் வயலில் உழைத்த நாட்களும் எழுதப்படவேண்டும். மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம், கைப்பணச் செலவோடு குடும்ப உழைப்பின் மதிப்பையும் கூட்டியே பயிர்களின் உற்பத்திச் செலவைக் கணக்கிடுகிறது. அரசு கவனிக்கும் அவ்வுழைப்பைக் குடியானவர் தம் கணக்கில் விட்டுவிடுதல் தகுமா?

ஓர் உதாரணம்

கணக்கு விளங்கும்பொருட்டுச் சில தொகைகளைக் கொள்வோம். ஒருவர் 2 ஏக்கரில் நெல்லும் 1 ஏக்கரில் நிலக்கடலையும் பயிரிடுகிறார். மொத்த வரவு 1,80,000 ரூபாய், செலவு 1,20,000, மிச்சம் 60,000. நாள்வழி இவ்வளவே சொல்லும்.

பேரேட்டைப் பார்த்தால், நெல்லில் வரவு 1,10,000, செலவு 64,000, மிச்சம் 46,000. கடலையில் வரவு 70,000, செலவு 56,000, மிச்சம் 14,000. குடும்பத்தார் நெல்லில் 20 நாளும் கடலையில் 40 நாளும் உழைத்துள்ளனர். நாட்கூலி 400 ரூபாய் என்று வைத்தால், நெல்லில் 38,000 நிற்கிறது. கடலையிலோ 2,000 ரூபாய் நஷ்டம்.

இதனால் கடலையை உடனே விட்டுவிட வேண்டுமென்பதில்லை. அந்த 40 நாளுக்குக் கடலை தந்த கூலி நாளொன்றுக்கு 350 ரூபாய். அந்நாட்களில் வெளியே 400 ரூபாய்க்கு வேலை கிடைக்குமாயின் கடலையைப் பற்றி யோசிக்கவேண்டும். கிடைக்காதாயின் அது வீட்டுக்கு உதவிய பயிரேயாகும். பேரேடு தீர்ப்புச் சொல்வதில்லை. தீர்ப்புக்கு வேண்டிய கேள்வியை முன்வைக்கிறது.

கைப்பேசிக் கணக்கு

கைப்பேசியிலும் கணினியிலும் கணக்கெழுதும் செயலிகள் இன்று பல உள்ளன. கூட்டல் பிழையாகாது என்பதும், வயல்வாரியாக நொடியிற் பிரித்துக் காட்டும் என்பதும் அவற்றின் சௌகரியங்கள். ஆனால் தமிழில் எழுத இடமுண்டா, இணைய வசதியில்லாதபோது வேலை செய்யுமா, கைப்பேசி கெட்டால் கணக்கு மீளுமா என்ற மூன்றையும் முதலில் பார்க்கவேண்டும். கணக்கெழுதுவதற்குப் பாங்கின் ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடவேண்டும். மாத முடிவில் மொத்தத் தொகைகளை நோட்டில் எழுதி வைத்தல் நன்று.

தவணைப் பக்கம்

எக்கருவியாயினும் அதன் முதற்பக்கம் கடன் தவணைகளுக்கு உரியது. 2025-26ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிப்படி, கிசான் கடன் அட்டை மூலம் பெறும் 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு வட்டி நூற்றுக்கு 7. குறித்த தேதிக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு அது 4 ஆகக் குறையும். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஓராண்டில் 7,000 கொடுப்பதா, 4,000 கொடுப்பதா என்பதை ஒரு தேதியே தீர்மானிக்கிறது. பணம் இருந்தும் தேதியை மறந்தவர் அந்த 3,000 ரூபாயை வீணே இழக்கிறார்.

தேர்ந்தெடுக்கும் விதம்

ஒரே பயிர் செய்யும் சிறு குடியானவருக்கு நாள்வழியும் தவணைப் பக்கமும் போதும். பல வயலும் பல பயிரும் உடையவருக்குப் பேரேடு இன்றியமையாதது. வீட்டில் கைப்பேசியை நன்கு கையாளும் மகனோ மகளோ இருப்பின் செயலியைக் கொள்ளலாம். எழுதுபவர் யார் என்பதை முதலில் நிச்சயித்து, அவருக்கு எது எளிதோ அதையே தேர்ந்துகொள்க. பத்து நாள் எழுதி நிறுத்திய சிறந்த கணக்கைவிட, ஆண்டு முழுதும் எழுதிய எளிய கணக்கே மேலானது.

பசலி ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்குகிறது. அன்றே புதுக் கணக்கையும் தொடங்குதல் வசதியாகும். கிராம அலுவலர்கள், தங்களிடம் வரும் குடியானவர்களுக்குப் புல எண்ணையும் பரப்பையும் பேரேட்டின் தலைப்பில் சரியாகக் குறித்துக் கொடுப்பார்களாயின், அச்சிறு உதவி பலருக்கும் முதற்பக்கத்தை எழுதிக் கொடுத்தது போலாகும்.